ஆதி சபை மாதிரி ஒரு ஐக்கியம்: கடலூர், புதுச்சேரி பக்கம் உண்டா?

சிப்காட்_ஷிப்டு (கடலூர்):

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் முதல் விசுவாசிகள் வீடுகளில் சேர்ந்து சாப்பிட்டு, ஜெபித்து, உள்ளதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று வாசிக்கிறோமே, அந்த மாதிரி நடக்கிற சின்னச் சபையோ வீட்டுக் கூட்டமோ தெரிந்தால் சொல்லுங்கள். பேனரும் யூடியூப் சேனலும் உள்ள இடங்கள் எனக்கே நிறையத் தெரியும், அவை வேண்டாம்.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். மனைவி புதுச்சேரியில் நர்ஸ், அவளுக்கும் நைட் டூட்டி உண்டு. செம்மண்டலம் பக்கம் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. தாத்தா காலத்திலிருந்து நாங்கள் லுத்தரன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வழியில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனோம். ஆராதனை நன்றாக இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நைட் ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு ஓடினால் பத்து மணி ஆகிவிடும். மெயின் ஹால் நிரம்பியிருக்கும். மாடியில் டி.வி. வைத்த அறைக்கு அனுப்புவார்கள். திரையைப் பார்த்துக் கைதட்டுவதென்றால் அதை வீட்டிலேயே செய்யலாமே. சின்னவனுக்கு டெங்கு வந்து அட்மிட் பண்ணியிருந்தபோது சபை வாட்ஸ்அப்பில் ஜெபக் குறிப்பு போட்டேன். வரிசையாகக் கைகூப்பு வந்தது, ஆள் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் அம்மாதான் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தார்கள்.

நான் தேடுவது, சேர்ந்து உட்கார்ந்து நிஜமாகவே சாப்பிடுகிற இடம். விரல் நுனி அளவு அப்பம், ஒரு மிடறு ரசம் என்று முடிகிறதில்லை, சோறு. வந்தவர் யாராக இருந்தாலும் வாய் திறக்க இடம் வேண்டும். 1 கொரிந்தியர் 14:26ல் பவுல் சொல்கிறாரே, ஒருவனிடம் சங்கீதம் இருக்கும், ஒருவனிடம் போதகம் இருக்கும் என்று, அந்த மாதிரி. வீட்டில் கூடினால் இன்னும் நல்லது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் சபை இருந்தது. பிலேமோன் வீட்டிலும் இருந்தது.

அப்புறம் கிழமை. எங்கே விசாரித்தாலும் ஞாயிறு காலைதான் என்கிறார்கள். முதல் முந்நூறு வருஷம் ஞாயிறு லீவே கிடையாது. 321ல் கான்ஸ்டன்டைன் உத்தரவு போட்ட பிறகுதான் அது ஓய்வுநாள். அதற்கு முன் விசுவாசிகளில் அடிமைகளும் கூலிக்காரர்களும் நிறைய. 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் இவர்களை விசாரித்துவிட்டுத் தன் ராயனுக்கு எழுதுகிறான்: குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், கலைந்து போகிறார்கள், மறுபடி சாப்பிடக் கூடுகிறார்கள். என் கணக்கில் இது வேலைக்கு முன்னும் பின்னும் நடந்த கூட்டம், ஷிப்டு பார்க்கிறவர்களின் சபை. அப்படி ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறதா?


நெல்லிக்குப்பம்_பெரியவர்:

தம்பி, நான் பிரதரன் அசெம்பிளியில் பிறந்து வளர்ந்தவன், எழுபது தாண்டிவிட்டது. உங்களைப் போல் தேடினவர்கள் முன்பும் உண்டு. 1820களில் டப்ளினில் சிலர், பட்டம் பெற்ற குருவானவர் இல்லாமலே அப்பம் பிட்கலாம், அதாவது திருவிருந்து நடத்தலாம் என்று கூடினார்கள். அவர்களில் ஒருவர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ், தொழிலில் பல் வைத்தியர். 1833ல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பழகியவர்தான் நம் ஜான் அருளப்பன். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர், கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரையே ஏற்படுத்தியவர். 1860ல் திருநெல்வேலிச் சீமையில் உண்டான எழுப்புதலில் அவருக்குப் பெரிய பங்கு. எங்கள் வீட்டில் அப்பா இந்தக் கதையைச் சொல்லாத கிறிஸ்மஸ் கிடையாது.

எங்கள் கூட்டத்துக்கு வந்தால் என்ன பார்ப்பீர்கள் என்று சொல்கிறேன். நடுவில் மேசை, அதில் ஒரு அப்பம், ஒரு பாத்திரம். மேடை இல்லை, பாஸ்டர் இல்லை. ஆண்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து பாட்டு எண் சொல்லலாம், ஜெபிக்கலாம், வசனம் வாசிக்கலாம். ஒருவரும் எழாவிட்டால் அப்படியே அமைதியாக இருப்போம். கீபோர்டுக்குப் பழகினவர்களுக்கு அந்த அமைதி முதலில் கஷ்டம். பெண்கள் முக்காடு போட்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் வீட்டம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதல் நாளே அப்பம் உங்கள் கைக்கு வராது. பின்வரிசையில் உட்காரச் சொல்வார்கள். வேறு அசெம்பிளியிலிருந்து வந்தவர் என்றால் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், யார் என்று தெரியாமல் பந்தியில் சேர்ப்பதில்லை என்பது பழைய கட்டுப்பாடு.

உபதேசம், அப்பம் பிட்குதல், ஜெபம் மூன்றும் எங்களிடம் உறுதியாக இருக்கின்றன. அப்போஸ்தலர் 2:42ல் இவற்றோடு அந்நியோந்நியம் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது பன்னிரண்டரை மணிக்கு வண்டிகள் ஸ்டார்ட் ஆகும்போது முடிந்துவிடுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. பக்த் சிங் ஐயா என்ற ஊழியக்காரர் வழியில் வந்த சபைகளில் ஆராதனை முடிந்ததும் பாய் விரித்து எல்லோரும் அன்பின் விருந்து சாப்பிடுவார்கள். 1941ல் சென்னையில் அவருடைய ஜெகோவா ஷம்மா சபை தொடங்கிய காலத்துப் பழக்கம். அந்த வழிச் சபைகளை விசாரியுங்கள். கிழமை மட்டும் உதைக்கும், அங்கேயும் ஞாயிறுதான்.


முத்தியால்பேட்டை_அக்கா (புதுச்சேரி):

நான் ஆர்.சி., கத்தோலிக்க சபை. இங்கே நான் பேசலாமா தெரியவில்லை, பேசிவிடுகிறேன்.

எங்களில் அன்பியம் என்று உண்டு. ஒரு கோவிலுக்கு உட்பட்ட பகுதியைத் தெருவாரியாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, நற்செய்தி வாசித்து, யாருக்கு என்ன கஷ்டம் என்று பேசுவது. ஏட்டில் அப்படி. நடப்பில் ஜெபமாலை, சுண்டல், டீ, திருவிழா வரி என்று முடிகிற தெருக்களும் உண்டு. பொறுப்பாளர் நல்லவராக வாய்த்தால் கதையே வேறு. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒருத்தியின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது அன்பியம்தான், வெளியே யாருக்கும் தெரியாது. கிழமையும் எங்கள் வசதிதான், சாயங்காலம் ஏழரைக்கு மேல்.

ஆனால் தம்பி, நீங்கள் என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்று கேட்டீர்கள். யாரோடு என்று கேட்கவில்லையே! இந்த ஊரில் அதுதான் முதல் கேள்வி. 1745ல் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: புதுச்சேரியில் சம்பா கோவில் என்கிற எங்கள் மாதா கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர், ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். அந்த மக்களே குருவிடம் போய் நியாயம் கேட்டு, சுவரை இடிக்க வைத்தார்கள். சுவர் போனதே தவிர வழக்கம் போகவில்லை. 2008ல் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர் போனது. அதுவும் எங்கள் புதுச்சேரி - கடலூர் மறைமாவட்டம்தான். ஒதுக்கி வைக்கப்பட்ட பக்கத்திலிருந்து வந்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

ஆதி சபையிலும் இதே சண்டைதான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெதுவாக ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் முகத்துக்கு நேரே கேட்டார், கலாத்தியர் 2ல் இருக்கிறது. ஆகவே எந்த வீட்டுக் கூட்டத்துக்குப் போனாலும் வசனப் பலகையைப் பார்க்காதீர்கள். அடுப்படியில் யார் நிற்கிறார்கள், யார் கொண்டுவந்த குழம்பு தொடப்படாமல் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.


சிப்காட்_ஷிப்டு:

பெரியவர் ஐயா, விவரமாகச் சொன்னதற்கு நன்றி. பெண்கள் பேசக்கூடாது என்பதை மனைவியிடம் சொன்னேன். "வார்டிலே டாக்டருக்கே பதில் சொல்கிறவள் நான், அங்கே வந்து வாயை மூடிக்கொண்டு உட்காரணுமா?" என்றாள். பார்க்கலாம்.

அக்கா, அந்தக் குழம்பு விஷயம் படித்துவிட்டு ராத்திரி முழுக்க அதே யோசனை. எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரே தட்டில் அள்ளிச் சாப்பிடுகிறவர்கள், வீட்டு விசேஷம் என்றால் ஆளைப் பார்த்துத்தான் பத்திரிகை வைக்கிறார்கள். சபைகளிலும் பார்த்திருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்று இங்கே சொல்லப் போவதில்லை, சொன்னால் பதில்களின் தொனி மாறிவிடும்.


பெயர்_வேண்டாம்:

சகோதரரே, கொஞ்சம் கவனம். "நாங்கள்தான் ஆதி சபை" என்று சொன்ன ஒரு கூட்டத்தில் சில வருஷம் குடியிருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். எல்லோரும் ஒரே காம்பவுண்டு, ஒரே சமையல். முதல் ஆறு மாதம் சொர்க்கம். சம்பளத்தை அப்படியே கூட்டத்தை நடத்துகிற மூப்பர் கையில் கொடுக்க வேண்டும். செருப்பு வாங்கவும் அவரிடம்தான் கேட்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு அனுமதி கேட்டபோது, "உலகத்து உறவு இன்னும் விடவில்லையா?" என்றார்கள். வெளியே வந்த நாளிலிருந்து அங்கே இருந்த ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை.

அவர்கள் எப்போதும் காட்டுவது அப்போஸ்தலர் 5ல் வருகிற அனனியா, சப்பீராள் கதை: நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, விழுந்து செத்த தம்பதி. அதே அதிகாரத்தில் 4ஆம் வசனத்தை வாசியுங்கள். விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். குற்றம் பொய் சொன்னது, வைத்துக்கொண்டது இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் விற்றுவிடவும் இல்லை. 12ஆம் அதிகாரத்தில் மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாளுக்குச் சொந்த வீடு இருக்கிறது, அங்கேதான் கூடி ஜெபிக்கிறார்கள். வீடு இருந்ததால்தானே கூட இடம் இருந்தது.

திதாக்கே என்று ஒரு பழைய சபை ஒழுங்குப் புத்தகம் உண்டு. பல நூற்றாண்டு காணாமல் போய், 1873ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பழைய தோல்தாள் கையெழுத்துப் பிரதியில் கிடைத்தது. ஊர் ஊராக வருகிற ஊழியக்காரரை எப்படிச் சோதிப்பது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது வழிக்கு அப்பம் கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளன். ஊரிலேயே தங்க வந்தவன் என்றால் தொழில் செய்து சாப்பிட வேண்டும். இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கணக்கு நோட்டைக் கேளுங்கள். மூப்பர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். போன வருஷம் விலகிப் போனவர்களைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.


மஞ்சக்குப்பம்_பிரதர்:

இப்படியே தேடிக்கொண்டிருந்தால் எந்தச் சபையிலும் இருக்க முடியாது. சுத்தமான ஆதி சபை என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்போஸ்தலர் 6ல் விதவைகள் பந்தியில் ஓரவஞ்சனை. கொரிந்துவில் பந்தியே சண்டை. இருக்கிற சபையில் இருந்து ஊழியம் செய்யுங்கள். சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்கிறது எபிரெயர் 10:25.


சிப்காட்_ஷிப்டு:

பிரதர், கொரிந்துவைச் சொன்னீர்களே, அதைத்தான் மறுபடி வாசித்தேன். 1 கொரிந்தியர் 11. வசதி உள்ளவர்கள் முன்னாடியே வந்து சாப்பிட்டுக் குடித்துவிடுகிறார்கள், கடைசியில் வருகிறவன் பசியாய் இருக்கிறான். தாமதமாக வருகிறவன் யாராக இருப்பான்? எஜமான் வீட்டு வேலை முடித்து வருகிறவன்தானே. பவுல் அவனைச் சீக்கிரம் வரச் சொல்லவில்லை. "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று மற்றவர்களுக்குத்தான் சொல்கிறார். நான் மாடி டி.வி. அறையில் உட்கார்ந்திருந்தபோது இந்த வசனத்தை யாராவது பிரசங்கித்திருந்தால் இங்கே எழுதியே இருக்க மாட்டேன். விதவைகள் விஷயத்திலும் அப்படித்தான், முறையீடு வந்ததும் ஏழு பேரை வைத்துச் சரி செய்தார்கள். சண்டை இல்லாத சபை கேட்கவில்லை பிரதர், சரி செய்கிற சபை கேட்கிறேன்.

மனைவியோடு பேசினோம். தேடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டு பேருக்கும் பகல் டூட்டி வருகிற வாரத்தில் ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டிலேயே சாப்பாடு வைக்கிறோம். இப்போதைக்கு என்னோடு வேலை பார்க்கிற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி குடும்பம், மனைவியோடு வேலை பார்க்கிற ஒரு நர்ஸ். லூக்கா சுவிசேஷத்தில் ஒரு பகுதி வாசிப்பது, யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் பேசுவது. காணிக்கைப் பை கிடையாது. பெரியவர் ஐயா, அப்பம் பிட்குதல் மட்டும் குழப்பமாக இருக்கிறது. நாங்களே செய்யலாமா?


நெல்லிக்குப்பம்_பெரியவர்:

குருப்பட்டம் தேவையில்லை என்பது எங்கள் நம்பிக்கை, உங்கள் லுத்தரன் குருவானவர் ஒத்துக்கொள்ள மாட்டார். முதலில் நாலைந்து தடவை சேர்ந்து சாப்பிடுங்கள். ஒருவர் கஷ்டம் ஒருவருக்குத் தெரியட்டும், அப்புறம் அதைப் பேசலாம். என்னையும் கூப்பிட்டால் வருவேன், செம்மண்டலம் எனக்கு ஒரே பஸ். வீட்டம்மா பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அசெம்பிளியில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


முத்தியால்பேட்டை_அக்கா:

155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதினது ஞாபகம் வருகிறது: கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தின் பங்கை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நைட் டூட்டிக்காரர்கள் வீட்டில் இது நல்ல வழக்கம், ஒரு தூக்குச்சட்டி தனியாக வையுங்கள்.

நீங்கள் அப்பம் பிட்கிற நாளில் நான் அதில் கை வைக்க மாட்டேன், எங்கள் முறை வேறு. சாப்பாட்டுக்கு வருவேன். மீன்குழம்பு கொண்டுவருகிறேன், முழுசாகத் தீர வேண்டும். ஆல்பேட்டையில் இறங்கினால் பக்கமா, மஞ்சக்குப்பம் வரை வரணுமா?


சிப்காட்_ஷிப்டு:

மஞ்சக்குப்பம் வாருங்கள் அக்கா, அங்கிருந்து வண்டியில் கூட்டிப் போகிறேன். அடுத்த வார ஷிப்டு லிஸ்ட் சனிக்கிழமைதான் ஒட்டுவார்கள். பார்த்ததும் எந்த நாள் என்று இங்கேயே எழுதுகிறேன். மஞ்சக்குப்பம் பிரதர், நீங்களும் வரலாம், வீடு உங்களுக்குத்தான் பக்கம்.