பாஸ்பேட் மருந்தைக் குடிக்க மறுக்கும் மகள் – வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு நாலு வயது. எக்ஸ்எல்எச் எனும் பரம்பரை ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு வலுவிழந்து வளையும் வியாதி. இரண்டு முழங்காலும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. "வெயில்ல நிறுத்துங்க, ராகி குடுங்க" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீங்க. இது வைட்டமின் டி குறைவால் வருவதில்லை. ஃபெக்ஸ் மரபணுக் கோளாறால் எஃப்ஜிஎஃப்23 ஹார்மோன் கூடி, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. என் வீட்டுக்காரருக்கும் இதே வியாதி. அப்பாவுக்கு இருந்தால் எல்லா மகள்களுக்கும் வரும், மகன்களுக்கு வராது. (மாமியார் இன்னமும் நான் மாசமாக இருந்தப்போ ஒழுங்காகச் சாப்பிடலை என்றுதான் சொல்கிறார். போகட்டும்.)

இப்போது கால்சிட்ரியாலும் (வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம்), ஜூலி கரைசல் எனும் பாஸ்பேட் மருந்தும் கொடுக்கிறோம். கரைசல்தான் பாடு. ஒரே புளிப்பு, வாயில் வைத்ததும் துப்பிவிடுகிறாள். பாலில் கலந்தால் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராது. மொத்தமாகக் கொடுத்தால் வயிற்றால் போகிறது. அதனால் ஐந்து வேளையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று பள்ளிக்கூட நேரத்தில். மிஸ்ஸிடம் எப்படிச் சொல்லி ஏற்பாடு செய்தீர்கள்? எதில் கலந்து கொடுத்தீர்கள்?

இன்னொன்று. 2018-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற, எஃப்ஜிஎஃப்23-ஐத் தடுக்கும் புரோசுமாப் ஊசியை, குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்களே, இங்கே யாராவது போடுகிறீர்களா? செலவுக்கு என்ன செய்தீர்கள்?

முழங்காலில் சின்னத் தகடு வைத்து வளைவை நிமிர்த்தும் ஆபரேஷன் செய்த பிள்ளைகளின் பெற்றோரும் பேசுங்கள். எந்த வயதில் செய்தீர்கள், வளைவு திரும்ப வந்ததா? டோஸ் விஷயம் டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். இன்பாக்ஸில் சொன்னாலும் சரிதான்.