வினையூக்கிக்குக் கீழே இருக்கும் ஆக்சைடு: தாங்குதளமா, துணைத்தளமா?
(எழுதுவோர் அவரவர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

ரோஸ் ஹில், தமிழாசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் எத்தனால் எரிபொருள் மின்கலம் பற்றிப் பலகை செய்கிறார்கள். நம் மொரிஷியஸ் தீவின் கரும்பு மொலாசஸிலிருந்து (சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்து) எத்தனால் வடிப்பதால் இதை எடுத்தார்கள். அந்த மின்கலத்தில் வினையூக்கியான பிளாட்டினம் நானோதுகள்கள் (மிக நுண்ணிய துகள்கள்) சீரியம் ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும். அந்த ஆக்சைடை ஆங்கிலப் பாடத்தில் 'சப்போர்ட்' என்கிறார்கள். தமிழில் என்ன எழுதலாம்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மோக்கா:
அம்மா, 'பற்றுக்கோடு' இருக்கிறதே! கோடு என்றால் மரக்கிளை. முல்லைக்குப் பாரி விட்ட தேரும் பற்றுக்கோடுதான். 'நானோ'வும் வேண்டாம். கிரேக்கத்தில் அது குள்ளனைக் குறிக்கும் சொல். நம்மிடம் 'குறள்' உண்டு; "கூனும் குறளும்" என்கிறது புறநானூறு 28. 'குறள்துகள்' என்போம்.

டர்பன்:
ஐயா, புணர்ச்சிப்படி அது 'குறட்டுகள்' ஆகும், குறட்டாழிசை என்ற பாவகையின் பெயர் போல. படிப்பவர் குறடு என்ற கருவியின் பன்மை என்றே எடுத்துக்கொள்வார். நானோ இருக்கட்டும். 'தாங்கி' பேரிங்குக்குப் போய்விட்டது. 'தாங்குதளம்' போதும், பிள்ளைக்கும் புரியும்.

ரெதுயீ, வேதியியல்:
'தாங்கு' என்று தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் எனக்கு உடன்பாடில்லை. ஆக்சைடு சும்மா சுமந்துகொண்டு இருப்பதில்லை. எத்தனால் உடையும்போது கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைக்கும். பக்கத்திலுள்ள சீரியம் ஆக்சைடு நீரிலிருந்து ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதியை) பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் அந்த மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாகிப் போய்விடும். பிளாட்டினம் மறுபடி வேலை செய்யும். அதனால் 'துணைத்தளம்' என்கிறேன்.

மோக்கா:
பற்றுக்கோட்டிலும் துணை என்ற பொருள் உண்டே!

டர்பன்:
வெறும் கார்பனையும் சப்போர்ட் என்றுதானே சொல்கிறார்கள்? அது ஹைட்ராக்சில் தருவதில்லை. இரண்டுக்கும் பொருந்தும் சொல் தாங்குதளம்தான்.

ரோஸ் ஹில்:
தனி மடலிலும் பலர் தாங்குதளம் என்றே எழுதியிருக்கிறார்கள். அதையே அச்சிடுகிறோம். விளிம்பில் நடப்பதைப் பிள்ளைகள் படமாக வரைந்து கீழே எழுதுவார்கள்.

ரெதுயீ:
பொதுப்பெயராக இருக்கட்டும். கார்பனுக்கு அது சரி. சீரியாவுக்கும் (சீரியம் ஆக்சைடு) டைட்டானியாவுக்கும் (டைட்டானியம் ஆக்சைடு) நான் துணைத்தளம் என்றுதான் எழுதுவேன்.