புதுப்பிப்பு: ராசெமோசா, லிபரிகா, எக்செல்சா காபி வறுப்பவர்களுக்கு

வழக்கமான அராபிகா அல்லாத காபி இனங்களின் பச்சைக் (வறுக்காத) கொட்டைகளைத் தென்னாப்பிரிக்காவில் வாங்கி விற்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அராபிகாவுக்கு வைக்கும் அதே சூடு போதுமா என்று டர்பனில் வறுக்கும் நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். ஒத்துவராது.

ராசெமோசா நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கிலும் மொசாம்பிக்கிலும் காட்டிலேயே விளையும் இனம். கஃபீன் குறைவு, வறட்சியைத் தாங்கும். ஆனால் கொட்டை மிகப் பொடிசு. முதலில் ஒரு கைப்பிடியை ஆறவைக்கும் தட்டில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஓட்டை வழியே விழுந்தால் மேலே நெருக்கமான எஃகு வலை விரியுங்கள். சூடு சட்டென உள்ளே ஏறிவிடும். அதனால் அராபிகாவை 200 டிகிரி செல்சியஸில் போடுபவர்கள் இதை 180-லிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் நுனி கருகிவிடும்.

லிபரிகா நேர்மாறு. கொட்டை பெரிது, ஒரே மூட்டையில் பல அளவு. சல்லடையில் பிரிக்காமல் வறுத்தால் சிறியது தீய்ந்துவிடும். பழச்சதை தடிமன் என்பதால் காய்வதும் மெதுவாகத்தான். அவசரப்பட்டு மூட்டை கட்டிய சரக்கில் பூஞ்சை வாடை வரும். வாங்குமுன் ஈரப்பதம் 10–12 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று அளந்தே தீரவேண்டும். டர்பன் கோடையில் வெறும் சணல் சாக்கு காற்றின் ஈரத்தை இழுக்கும். உள்ளே காற்றுப்புகாத பை, அடியில் மரப்பலகை, இரண்டும் வேண்டும்.

எக்செல்சாவை லிபரிகாவின் வகை என்றே நெடுநாள் விற்றார்கள். 2025-இல் வந்த மரபணு ஆய்வு அதைத் தனி இனமாகப் பிரித்துவிட்டது. ஒப்பந்தத்தில் தாவரவியல் பெயரையே எழுதச் சொல்லுங்கள்: காஃபியா டெவெவ்ரெய்.