காலாங் பேசினில் காவிரி: எட்டு ஞாயிற்றுக்கிழமை அனுபவங்கள்

ஈசூன்:

மனிதக் கடத்தலுக்கு எதிராகப் பணம் திரட்டப் போன மாதம் முடித்த துடுப்புப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். மொத்தமாக இங்கே போட்டுவிடுகிறேன். கூட வந்தவர்கள், நான் விட்டதைச் சேருங்கள். (பேருக்குப் பதில் அவரவர் வசிக்கும் பேட்டைதான்.)

யோசனை இரவல்தான். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றை, வடக்கே இட்டாஸ்கா ஏரியில் தொடங்கி மெக்சிகோ வளைகுடா வரை, ஏறக்குறைய 3,770 கிலோமீட்டர், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகிலேயே கடக்கிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் ஆகும். ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுவதற்காகவே போகிறவர்களும் அவர்களில் உண்டு. கரையோரத்து ஜனங்கள் வழியில் சோறு போட்டு, குளிக்க இடம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அந்த மாதிரி ஆற்றுக்கு நாம் எங்கே போவது? சிங்கப்பூரிலேயே நீளமான ஆறு காலாங். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டுப் பத்தே கிலோமீட்டரில் காலாங் பேசினுக்கு, அதாவது ஆறு போய் விரியும் நீர்ப்பரப்புக்கு, வந்துவிடும். அதனால் காவிரியை இங்கே கொண்டுவந்தோம். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை 800 கிலோமீட்டர் என்று கணக்கு. பதினாறு பேர், ஆளுக்கு 50 கிலோமீட்டர், எட்டு ஞாயிறு காலை, காலாங் பேசினில் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி.

முதல் வாரமே வண்டவாளம் தெரிந்துவிட்டது. கை வலிக்கும் என்று பார்த்தால் வலித்தது இடுப்பு. கையால் இழுக்காதே, உடம்பைத் திருப்பி இழு என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாம் வாரம்தான் அது உடம்பில் ஏறியது. அதற்குள் வலது கட்டைவிரல் இடுக்கில் ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம். பிளாஸ்திரி போட்டால் தண்ணீரில் நழுவிப்போகும். விளையாட்டுக்காரர்கள் சுற்றுகிற துணி டேப்தான் நிற்கிறது. அடுத்து யாராவது இறங்கப்போவதாக இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வாரம் மெர்டேக்கா பாலத்தைத் தாண்டுவதற்குள் 'கேட் ஒன்' வந்துவிட்டது. என்எஸ் (கட்டாய தேசிய சேவை) போனவர்களுக்கும் கட்டுமானத்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: மின்னல் அபாயம், எல்லாரும் கரைக்கு. அன்று மேட்டூரைத் தொட்டிருக்க வேண்டியவர்கள் ஒன்றரை மணி நேரம் கூரைக்கடியில் குந்தியிருந்தோம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மழைக்கு ஒதுங்கியவர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். துவாஸ் பக்கம் விடுதி, ஞாயிறு விடுமுறை. எங்கள் சட்டை முதுகில் 'மனிதக் கடத்தலுக்கு எதிராக' என்று அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அண்ணே, இங்கயும் ஆளைக் கடத்துறாங்களா?" என்றார்.

நான் சட்டத்தை ஒப்பித்தேன். 2014-இல் தனிச் சட்டம் போட்டார்கள், 2015 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது, முதல் குற்றத்துக்கே பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், பிரம்படியும் உண்டு. மரியாதைக்குத் தலையை ஆட்டினார். 'கடத்தல்' என்றால் நமக்குத் தெரிந்தது வெள்ளை வேன், வாயில் துணி. அதை விட்டால் ஏர்போர்ட்டில் தங்கம். கூட்டிப்போகிறவனுக்கு நாமே பணம் கட்டி, அம்மா காலில் விழுந்து, விபூதி பூசிக்கொண்டு, பத்துப் பேர் கையசைக்க விமானம் ஏறுவதை அந்தச் சொல்லில் எப்படி அடக்குவது? சட்டையில் அச்சடிக்கும்போது எங்களில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

அப்புறம் இப்படிக் கேட்டேன்: "ஊர்ல சொன்ன சம்பளமும் இங்க வந்து கைல வாங்கின சம்பளமும் ஒண்ணா, தம்பி?"

சிரித்தார். பிறகு மழை விடும்வரை அவர்தான் பேசினார். முதல் தடவை வந்தபோது அம்மாவின் தோடும் அரை ஏக்கர் நிலமும் அடமானம். வேலை அனுமதிக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தரும் ஐபிஏ கடிதத்தை ஊர் ஏஜென்ட் கண்ணிலேயே காட்டவில்லை. வந்து இறங்கிய இரண்டாம் நாள் வேறொரு தாளில் கையெழுத்து. அதில் சம்பளம் முக்கால்வாசிதான். "பிடிக்கலன்னா ஊருக்குப் போன்னு ஒரே வார்த்தை. போனா கடனை யாருண்ணே கட்டுறது?"

இங்குள்ள ஏஜென்ட் ஊழியரிடம் வாங்கலாம் என்று சட்டம் விட்டிருப்பது வேலை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். ஊர் ஏஜென்ட் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

தம்பிக்கு நடந்தது மனிதக் கடத்தலா? ஏமாற்று எல்லாமே கடத்தல் ஆகிவிடாது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் சேர்த்திருக்க வேண்டும், அந்த ஆளைச் சுரண்டுவதே நோக்கமாகவும் இருக்க வேண்டும். அவர் கதை விளிம்பில் நிற்கிறது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டும் சேர்ந்துவிட்டால், 'அவனே சம்மதிச்சுத்தானே வந்தான்' என்ற சாக்கு செல்லாது. இதைச் சொன்னபோதுதான் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையெழுத்துப் போட்டிருந்தாலுமா?" இரண்டு தடவை கேட்டார்.

பொங்கோல்:

எனக்கு ஆறாம் வாரம், தஞ்சோங் ரூ நடைபாலத்துக்குப் பக்கத்துல. கரையில ஒரு பணிப்பெண், தஞ்சாவூர்ப் பக்கம், நம்ம பாட்டைக் கேட்டுட்டுக் கைகாட்டினாங்க. (ஆமா, துடுப்புப் போடும்போது நாங்க பாடுவோம். ஈசூன் அதை மறைச்சுட்டாரு.) இறங்கிப் பேசினேன். மாசத்துல ஒரு நாள்தான் லீவாம். அந்த ஒரு நாளையும் காசு கொடுத்து வாங்கிக்க முடியாதுன்னு 2023-லேருந்து சட்டம் இருக்கறதால அதாவது கிடைக்குது. பாஸ்போர்ட் எங்கக்கான்னேன். "மேடம் பத்திரமா வெச்சிருக்காங்க." குரல்ல ஒரு குறையும் இல்ல. நல்ல மனுஷிதானாம், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாங்களாம். பாஸ்போர்ட் உங்க கையிலதான் இருக்கணும், வேற யாரும் எடுத்து வெச்சுக்கக் கூடாதுன்னு சொன்னேன். "கேட்டா சந்தேகப்படுறேன்னு நெனப்பாங்களே, அக்கா."

எனக்குப் பதில் வரல. எங்க அம்மா வீட்டுலயும் பல வருஷம் அப்படித்தான் பீரோவுல பூட்டி வெச்சிருந்தோம்.

சுவா சூ காங்:

தப்பா எடுத்துக்க வேண்டாம். கயாக் வாடகைக்கு ஆன காசை அப்படியே கொடுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்குமே? எட்டு வாரம் வெயில்ல கருகி என்ன கண்டீங்க?

ஈசூன்:

நியாயமான கேள்வி. வாடகை அவரவர் பையிலிருந்து. திரண்டது 9,180 வெள்ளி. எங்கள் வாடகைப் பணம் அதில் கால்வாசிகூட வராது. முழுதும் கிவிங்.எஸ்ஜி என்ற நன்கொடை இணையத்தளம் வழியாக, இங்கே வெளிநாட்டு ஊழியர்களுக்குக் காப்பிடம் நடத்தும் ஓர் அமைப்புக்குப் போனது. தமிழ்நாட்டுக்கும் அனுப்ப ஆசைதான். ஆனால் வெளிநாட்டு உதவிக்கு இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு மல்லுக்கட்ட எங்களுக்குத் தெம்பு இல்லை.

உட்லண்ட்ஸ்:

நான் துடுப்புப் போட வரல, காசு மட்டும்தான் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்னு இங்க சொல்லிடறேன்.

சித்தப்பா பையன். இன்ஜினீயரிங் முடிச்சுட்டு வேலையில்லாம இருந்தான். 2022-ல தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு ஒரு ஏஜென்ட். பேங்காக் வரைக்கும் எல்லாம் முறையா நடந்துச்சு, விசா, ஓட்டல், எல்லாம். அங்கேருந்து கார்ல மே சோட்ங்கற எல்லை ஊர். ராத்திரி ஒரு படகு. அந்தக் கரை மியன்மார், மியாவடின்னு அவனுக்கு ஏறும்போது தெரியாது. நடுவுல ஓடுற மோய் ஆறு, நம்ம காலாங் பேசின் அகலம்கூட இல்ல. பத்து நிமிஷம் ஆகல, வாழ்க்கையே மாறிப்போச்சு. போன்ல முன்பின் தெரியாதவங்ககிட்ட ஆசையாப் பேசிப் பணம் புடுங்கணும். முடியாதுன்னா அடி. அந்த வருஷம் அக்டோபர்ல 13 தமிழ்ப் பசங்க அங்கேருந்து சென்னை திரும்பின செய்தி வந்தப்ப, சித்தி டிவிக்குப் பக்கத்துல போய் நின்னு ஒவ்வொரு முகமாப் பார்த்தாங்க. அதுல இவன் இல்ல. இவன் வந்து சேர மேலும் நாலு மாசம் ஆச்சு.

மியன்மார்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர் இந்த மாதிரி மோசடிக் கூடங்கள்ல பிடிச்சு வைக்கப்பட்டிருக்கலாம்னு 2023-ல ஐநா மனித உரிமை அலுவலகம் சொன்னுச்சு. ஊர்ல இன்னமும் அவனைத்தான் பேசுறாங்க, "பேராசைப்பட்டுப் போனான்"னு.

பொங்கோல்:

தம்பி, அவன் இப்ப எப்படி இருக்கான்?

உட்லண்ட்ஸ்:

மளிகைக்கடை கணக்கு எழுதறான், அக்கா. தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா எடுக்க மாட்டான்.

ஈசூன்:

ஒன்று விட்டுவிட்டேன். கடைசி ஞாயிறு பூம்புகாருக்கு மூன்று கிலோமீட்டர் மீதி இருக்கும்போது புதுக்கோட்டைத் தம்பி கூட்டாளி இரண்டு பேரோடு வந்து நின்றார். புதியவர்களும் ஏறக்கூடிய திறந்த டபுள் கயாக் ஒன்று எடுத்து அவரை முன்னால் உட்காரவைத்தேன். நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டார். துடுப்பு இரண்டு தடவை என் துடுப்போடு மோதி, மூன்றாவது தடவை என் மூக்கில் பட்டது. நோட்டில் அந்த மூன்று கிலோமீட்டரை அவர் பேரில்தான் எழுதியிருக்கிறேன். என் கணக்கில் மூன்று குறைகிறது, பங்கு 50 ஆகவில்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சுவா சூ காங்:

சரி சரி. அடுத்தது வைகையா? 258தான். என் பேரையும் போட்டுக்குங்க.