பகுத்தாய்வுத் திறனை வினாத்தாளில் அளப்பது எப்படி? சென்னைக் கல்லூரி ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

கிண்டி, பொறியியல்:
ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அது எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்று காட்டும் K நிலை (K1 முதல் K6 வரை) போடுகிறோம். இதற்கு அடிப்படை, கல்வி உளவியலாளர் ப்ளூமின் குழுவினர் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு. அது 2001-இல் திருத்தப்பட்டது; நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தல் வரை ஆறு நிலைகள். சிக்கல் என்னவென்றால், கேள்வியில் 'பகுத்தாய்க' என்று இருந்தாலே K4 (பகுத்தாய்தல் நிலை) போட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வு யூனிட் 3 நோட்ஸில் வரிக்கு வரி இருந்தால் மாணவர் செய்வது வெறும் ஒப்பித்தல், அதாவது K1. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாலும் விடையை எடுத்தெழுத முடியாது என்றால்தான் அது உயர்நிலைக் கேள்வி. அண்ணா பல்கலையின் 100 மார்க் தாளில் (10×2, 5×13, 1×15) கடைசி 15 மார்க் பகுதி இதற்குப் பொருத்தமான இடம். வகுப்பில் போட்ட கணக்கில் எண்ணை மட்டும் மாற்றி அதை வீணாக்காதீர்கள். இரண்டு பம்புகளின் விலை, மின்செலவு, ஒரு விற்பனையாளரின் வாதம் ஆகியவற்றைக் கொடுத்து, வாதம் எந்த இடத்தில் நிற்கவில்லை என்று கேளுங்கள்.

சேப்பாக்கம், புள்ளியியல்:
சென்னை மாணவர்களிடம் நன்றாக வேலை செய்யும் ஒரு கேள்வியை முழுதாகவே தருகிறேன். கொடுக்க வேண்டிய பத்தி இவ்வளவுதான்: "2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதன்பின் சில ஆண்டுகளில் சென்னைக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. ஆகவே இந்தச் சட்டமே நீர்மட்டத்தை உயர்த்தியது." கூடவே 1998 முதல் 2008 வரையான ஆண்டு மழையளவு அட்டவணை ஒன்று.

மொத்தம் 20 மார்க். முடிவையும் அதற்குக் காட்டிய ஆதாரத்தையும் பிரித்து எழுத 3. சொல்லாமல் விட்ட அனுமானத்தைக் கண்டுபிடிக்க 5. வேறு காரணம் இருக்க முடியுமா என்பதற்கு 6. எந்தத் தரவு கிடைத்தால் தீர்மானிக்கலாம் என்பதற்கு 4. மாணவரின் சொந்த முடிவுக்கு 2 போதும். அதை எந்தப் பக்கம் எடுத்தாலும் மார்க் உண்டு.

அட்டவணையைப் பார்ப்பவருக்கு விஷயம் பிடிபடும். 2003 வறட்சி ஆண்டு, 2005-இல் கொட்டித் தீர்த்தது. அடிமட்டத்தில் இருந்த கிணறு, சட்டம் வந்திருக்காவிட்டாலும் ஏறித்தான் இருக்கும். இன்னும் நல்ல விடை, சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு மழை பெய்த ஆண்டுகளை ஒப்பிடச் சொல்லும். பெசன்ட் நகர் மாதிரி மணற்பாங்கான இடத்தையும் களிமண் பகுதியையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லும்.

திருத்தும்போது மூன்று வகைத் தவறுகள் வரும். முதலாவது, மழைநீர் சேகரிப்பின் நன்மைகள் என்று இரண்டு பக்கக் கட்டுரை. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மார்க் கிடையாது. இரண்டாவது, "சட்டத்தால் பயனே இல்லை" என்று மறுபக்கம் பாய்வது. கொடுத்த முடிவுக்கு ஆதாரம் போதவில்லை என்பதும் அந்த முடிவு பொய் என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் நாம் அளக்க வந்ததே. மூன்றாவது, "மேலும் ஆய்வு தேவை" என்ற ஒற்றை வரி. எந்தத் தரவு, எதற்கு என்று சொல்லாதவரை அதற்குப் பூஜ்யம் என்று கீயிலேயே (திருத்துவோருக்கான விடைக்குறிப்பிலேயே) எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் இரக்கப்பட்டு 2 மார்க் போட்டுவிடுவார்கள்.

ஷிப்ட் 2, வணிகவியல்:
புள்ளியியல் மேடம் சொன்ன மழைநீர்க் கேள்வி அருமை. ஆனால் அதை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் அளக்கப்படுவது ஆங்கிலம். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளை அனுமானத்தைச் சரியாகப் பிடித்திருக்கும், வாக்கியம் உடைந்து நிற்கும், மார்க் போய்விடும். இது அநியாயம். பத்தியை இரு மொழியிலும் அருகருகே அச்சிடுங்கள். இன்டர்னல் தேர்வில் தமிழிலோ கலந்தோ எழுத விடுங்கள், மொழிக்கு மார்க் பிரிக்காதீர்கள். 50 நிமிட வகுப்பு என்றால் பத்தி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. படிக்க 10 நிமிடம், எழுத 30. மீதி நேரம் தாள் கொடுத்து வாங்குவதிலேயே போய்விடும்.

தேர்வுப் பிரிவு:
இரண்டு பேர் திருத்தும்போது "72 சதவீதம் ஒத்துப்போகிறோம்" என்றால் திருப்தி அடையாதீர்கள். 50 தாள் என்று வையுங்கள். இருவருமே 40 தாளுக்குப் 'போதும்', 10 தாளுக்குப் 'போதாது' போட்டிருக்கிறார்கள். 36 தாளில் ஒரே தீர்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டாலும் 0.8×0.8 + 0.2×0.2, அதாவது 68 சதவீதம் ஒத்துப்போகும். இப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உண்மையான ஒற்றுமையைக் காட்டுவது கோஹன் 1960-இல் தந்த கப்பா அளவு; முழு ஒற்றுமைக்கு 1, தற்செயலுக்கு 0. இங்கே அது (0.72−0.68)/0.32 = 0.125. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் முன் பத்துத் தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்துங்கள். 20-க்கு 3 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வரும் தாளை நடுவில் வைத்துப் பேசி, கீயின் வாசகத்தைத் திருத்துங்கள். மார்க்கைச் சராசரி எடுத்து முடித்துவிட்டால் அடுத்த கட்டிலும் அதே தகராறு வரும்.

தாம்பரம், உளவியல்:
நேரம் இல்லாதவர்கள் ஒரு மார்க் கேள்வியாகவும் வைக்கலாம். பகுத்தாய்வுத் திறனை அளக்கும் வாட்சன்-கிளேசர் தேர்வின் ஊகப் பகுதி நல்ல மாதிரி. ஒரு சிறு பத்தி, அதன் கீழ் சில ஊகங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மை, அநேகமாக உண்மை, தகவல் போதாது, அநேகமாகப் பொய், பொய் என ஐந்து விடைகள். 'பத்தியில் உள்ளதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கவும்' என்று அறிவுறுத்தலில் இல்லாவிட்டால் பொது அறிவை வைத்து எழுதிவிடுவார்கள். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் சோதியுங்கள். மொத்த மார்க் வரிசைப்படி 60 பேரில் மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம், அதாவது 16, 16 பேரை எடுங்கள். ஒரு கேள்விக்கு மேலே 12 பேர், கீழே 5 பேர் சரி என்றால் (12−5)/16 = 0.44; நன்றாகப் படித்தவரைப் பிரித்துக் காட்டும் நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே வந்தால் கேள்வியை மாற்றுங்கள். மைனஸில் வந்தால் முதலில் கீயைப் பாருங்கள்; பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

கிண்டி, பொறியியல்:
அசைன்மென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் எழுதி வருவதை ஏஐ எழுதியதா என்று துருவுவதை விட, நாலு நிமிட வைவா (வாய்மொழித் தேர்வு) வைப்பது பலன் தரும். 60 பேருக்கும் வைத்தால் 240 நிமிடம். ஒரு பீரியடில் 12 பேர் என்று ஐந்து பீரியடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேள்வி இரண்டு போதும்: "அட்டவணையில் எந்த எண் மாறினால் உங்கள் முடிவு மாறும்?" "உங்கள் முடிவை ஏற்காதவர் முதலில் எதைக் கேட்பார்?" முதல் கேள்விக்கு எண்ணை விரல் வைத்துக் காட்டாதவருக்கு எழுத்துத் தாளின் மார்க்கில் பாதிக்கு மேல் போக வேண்டாம். இந்த விதியைத் தலைப்பு கொடுக்கும் அன்றைக்கே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.