முதன்முதலாக வளர்ப்பவருக்குச் சாதுவான பாம்பு எது?

ஹாரோ வாசகி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். 12 வயதான என் மகள் பாம்பு வளர்க்க வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆசை தானாகத் தணிந்துவிடும் என்று காத்திருந்தோம், தணியவில்லை. கார்ன் ஸ்னேக், ராயல் பைத்தான், கிங் ஸ்னேக் ஆகிய மூன்றுமே புதியவர்களுக்கு ஏற்றவை என்று கடைகளில் சொல்கிறார்கள். இவற்றுள் கடிக்கும் குணம் குறைந்ததும், பராமரிப்பில் நேரும் சிறு பிழைகளைத் தாங்கிக்கொள்வதும் எது? மேலும், எங்களோடு இருக்கும் என் மாமியார் சுத்த சைவம். எலி தின்னாத பாம்பு ஏதேனும் உண்டா என்பதையும் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

பழைய வளர்ப்பாளர்:
சகோதரிக்கு வணக்கம். உங்கள் வீட்டுக்குக் கார்ன் ஸ்னேக்தான் பொருத்தமானது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த நஞ்சற்ற பாம்பு இது. நம் சாரைப்பாம்பின் குடும்பம்தான் என்றாலும், சாரையின் முரட்டுத்தனம் இதனிடம் இல்லை. வளர்ந்தபின் பெரும்பாலும் 4 முதல் 5 அடி நீளம் இருக்கும். நன்றாகக் கவனித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும் என்பதால், உங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பாம்பு உங்கள் பொறுப்பில்தான் வந்து சேரும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விலங்குகளை விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் சொல்வதால், வாங்குபவரும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

பாம்பை வாங்கும் முன்பே பெட்டியைத் தயார் செய்துவிடுங்கள். வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளமாவது வேண்டும். ஒரு முனையில் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடும், மறுமுனையில் 20 முதல் 24 டிகிரியும் இருந்து, இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள இடம் இருந்தால், தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பாம்பே தேடிக்கொள்ளும். தெர்மோஸ்டாட் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்திவைக்கும் கருவி) இல்லாமல் எந்தச் சூடேற்றியையும் பொருத்தாதீர்கள். மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கற்களை விற்பார்கள். பாம்பு அவற்றின் மேலேயே கிடந்து வயிற்றில் சூட்டுப்புண் பட்டுக்கொள்ளும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மூடிக்குப் பூட்டும் அவசியம், ஏனெனில் சிறு இடைவெளி கிடைத்தாலும் கார்ன் ஸ்னேக் வெளியேறிவிடும்.

மாமியாரின் விஷயத்தில் நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. தாவரம் தின்னும் பாம்பு உலகிலேயே கிடையாது. ஆப்பிரிக்காவில் முட்டையை மட்டுமே விழுங்கி வாழும் ஒரு வகை உண்டு. ஆனால் அதன் குட்டிகளுக்குச் சிட்டுக்குருவி அளவுள்ள பறவைகளின் முட்டைகளைத் தேடி அலைய வேண்டும் என்பதால் அது புதியவர்களுக்கு ஆகாது. (முட்டையை மாமியார் சைவத்தில் சேர்ப்பாரா என்பது வேறு கேள்வி.) உறைந்த சுண்டெலிகள் பொட்டலமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கென்று தனியாக ஒரு சிறிய ஃப்ரீசரை மகளின் அறையிலோ கராஜிலோ வைத்துக்கொண்டால், சமையலறைக்கும் பாம்புக்கும் தொடர்பே இராது.

பர்மிங்காம் அன்பர்:
நான் சற்று மாறுபடுகிறேன். கார்ன் ஸ்னேக் குட்டிகள் கையில் நிற்காமல் துள்ளி நெளியும். அதைக் கண்டு குழந்தைகள் பதறிக் கீழே விட்டுவிடுவதுண்டு. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ராயல் பைத்தானோ, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே தவிர, பெரும்பாலும் கடிக்க முற்படாது. நிதானமாக நகர்வதால் சிறுமியின் கைக்கு அதுவே இதமானது.

பழைய வளர்ப்பாளர்:
சுபாவத்தைப் பொறுத்தவரை அன்பர் சொல்வது சரி. ஆனால் சகோதரி கேட்டது பிழையைத் தாங்கும் பாம்பு. வெப்பமோ ஈரப்பதமோ சற்று மாறினாலும் ராயல் பைத்தான் உணவை மறுத்துவிடும்; நலமாக இருக்கும்போதுகூட மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும். அனுபவமுள்ளவர் அதைப் பொறுத்துக்கொள்வார், 12 வயதுப் பிள்ளையோ அழுதுவிடும். அதன் ஆயுளும் 20 முதல் 30 ஆண்டுகள். அதையே வாங்குவதென்றால் ‘ஸ்பைடர்’ எனப்படும் நிறவகையை மட்டும் தவிருங்கள். அந்த மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருவதால் தலை ஆடும், சில பாம்புகள் தலைகீழாகப் புரளும். அழகுக்காக அதை இன்னும் இனப்பெருக்கம் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

கிங் ஸ்னேக் கெட்ட பாம்பல்ல. ஆனால் பசிவேகத்தில் விரலையும் இரையென்று கவ்விவிடும். மற்றப் பாம்புகளையும் அது தின்னும்.

ஹாரோ வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. கார்ன் ஸ்னேக் என்று முடிவு செய்துவிட்டோம். புதிதாகப் பொரித்த குட்டியை வாங்குவதா, சற்று வளர்ந்ததையா?

பழைய வளர்ப்பாளர்:
ஓராண்டு நிரம்பிய பாம்பை, வளர்ப்பில் பிறந்ததா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். உறைநீக்கிய சுண்டெலியை அது தயங்காமல் உண்பதை விற்பவர் உங்கள் கண்முன் காட்ட வேண்டும்; காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் தொடவே வேண்டாம். இரை விழுங்கி இரண்டு நாள் வரையிலும், சட்டை உரிக்கும் முன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கியிருக்கும் நாள்களிலும் கையில் எடுக்காதீர்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பாம்பின் அருகே விடாதீர்கள்.