பெறாமகன் கனடா விமானப்படையில்: ஜெற்றா, பெரிய விமானமா, ஹெலியா?

பரந்தன் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அக்காவின் மகன் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். பொறியியல் முடித்த கையோடு கனடிய விமானப்படையில் விமானியாகச் சேர்ந்துவிட்டான். கியூபெக்கில் அதிகாரிப் பயிற்சி, மனிற்றோபாவில் குறோப் என்ற சின்ன விமானத்தில் முதல் கட்டம் எல்லாம் முடிந்து, இப்போது சஸ்காச்சுவானில் மூஸ் ஜோ என்ற ஊரில் ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானம் ஓட்டுகிறான். இந்தக் கட்டம் முடிய மூன்று வழியில் ஒன்றுக்குப் பிரித்து விடுவார்களாம். ஜெற், பல எஞ்சின் விமானம், ஹெலிகொப்டர். எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவனுக்கு ஜெற்தான் ஆசை. அக்கா கேட்டதில் இருந்து அழுகிறா. "பெரிய விமானத்தை எடு, பிறகு எயார் கனடாவுக்குப் போகலாம்" என்பது அவவின் கதை. அத்தான் வாயே திறப்பதில்லை. போன கிழமை பிள்ளை எனக்கு எடுத்து, "சின்னம்மா, உதுகளுக்குக் கீழே இருந்தது நீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ, நான் எதை எழுத?" என்று கேட்டான்.

அந்தக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு விமானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, சத்தமே போதும். வண்டு என்று நாங்கள் சொல்லுகிற ஆளில்லா வேவு விமானம் மெல்லிசாக இரைந்துகொண்டு மேலே சுற்றத் தொடங்கினால், பின்னால் குண்டு போடுகிற கிபிர் ஜெற் வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். கிபிர் வந்தால், சத்தம் கேட்கிற இடத்தில் அது இருக்காது. அதைத் தாண்டி முன்னுக்குப் போயிருக்கும். நிமிர்ந்து தேடுகிற நேரத்தில் பங்கருக்குள் இறங்கிவிட வேண்டும். ஒலியின் வேகம் படிப்பிக்கும்போது இப்போதும் இதைத்தான் உதாரணமாகச் சொல்லுகிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அது ஒரு கணக்கு. அவர்களின் அம்மாமாருக்கு அப்படி இல்லை. பனங்குற்றி அடுக்கி மூடிய பங்கரில் தொடங்கி, கடைசியில் கூறைச் சேலையையும் கிழித்து மண்மூட்டை தைத்த ஆட்கள் நாங்கள்.

ஆனால் என் பயத்தை வைத்து அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விஷயம் தெரியாமல் சொல்லவும் மாட்டேன். அதுதான் இங்கே கேட்கிறேன். எழுதிக் கொடுக்கிற விருப்பத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு? ஜெற் கேட்டுக் கிடைக்காவிட்டால் பிள்ளையை ஒதுக்கி விடுவார்களா? ஒரு வழியில் போனவர் பிறகு மாறலாமா? கனகாலம் சேவை செய்துவிட்டு வெளியில் வந்தால், எந்த வழியால் போனவருக்கு என்ன வேலை கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

முறிகண்டியான் (இப்போது ஒன்ராறியோ):

வணக்கம் ரீச்சர். நான் இங்கே ட்ரென்ரன் விமானப்படைத் தளத்தில் ஹேர்குலிஸ் சரக்கு விமானங்களில் ரெக்னீசியனாக வேலை செய்தவன். விமானி இல்லை, ஆனால் மூன்று வழியாலும் வந்த பிள்ளைகளோடு பழகியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

விருப்பத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஆனால் அதை மட்டும் பார்ப்பதில்லை. ஹார்வர்டில் பிள்ளை எடுத்த புள்ளிகள், பயிற்றுநர்கள் எழுதுகிற மதிப்பீடு, அந்த நேரத்தில் எந்த வழியில் எத்தனை இடம் இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். ஜெற்றுக்கு எப்போதும் இடம் குறைவு. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அந்த மாதம் இடம் இல்லாவிட்டால் இல்லைதான். கிடைக்காதவரை ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. மற்ற இரண்டு வழிக்கும் நல்ல பிள்ளைகள் தேவை. முதல் விருப்பமாக ஹெலி எழுதிவிட்டு, கிடைத்ததும் துள்ளிக் குதித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜெற் பற்றி முதலில் சொல்லுகிறேன், கனக்க மாறிக்கொண்டிருப்பது அதுதான். முந்தி மூஸ் ஜோவிலும் கோல்ட் லேக்கிலும் ஹோக் விமானத்தில் பயிற்சி நடந்தது. ஹோக்கை 2024இல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஜெற் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ரெக்சாஸில் ஷெப்பர்ட் தளம், இத்தாலியில் எம்-346 பயிற்சி ஜெற் பள்ளி என்று போக வேண்டும். திரும்பி வந்தால் கோல்ட் லேக்கில் 410ஆம் படையணியில் சி.எவ்-18 போர் விமானம். அந்த விமானங்கள் 1982இல் இருந்து வரத் தொடங்கியவை, உங்கள் பெறாமகனை விட வயது கூடியவை. அவற்றுக்குப் பதிலாக 88 எவ்-35 வாங்குவதாக 2023இல் அறிவித்தார்கள். எவ்-35 ஒற்றை இருக்கை. பயிற்றுநர் பின்னால் இருந்து பார்க்கிற இரட்டை இருக்கை விமானமே அதில் கிடையாது. சிமுலேற்றரில் எல்லாம் பழகிவிட்டு, முதல் தரம் ஏறும்போதே தனியாகத்தான் ஏற வேண்டும். அந்தத் தனிமை சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. பிள்ளை இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, கனடாவில் போர் விமானத்துக்குப் பெரிய தளம் இரண்டுதான். அல்பேர்ட்டாவில் கோல்ட் லேக், எட்மன்ரனில் இருந்து 300 கிலோமீற்றர் அளவில். மற்றது கியூபெக்கில் பகொட்வில், பிரெஞ்சு பேசுகிற இடம். வேலைக்காலம் முழுக்க இந்த இரண்டுக்கும் இடையில்தான் அலைச்சல். கலியாணம் கட்டுகிற வயதில் இதையும் யோசிக்க வேண்டும் ரீச்சர்.

பல எஞ்சின் வழி மனிற்றோபாவில் போர்ட்டேஜ் லா பிரேரி என்ற ஊரில், கிங் எயார் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் தொடங்கும். அதன் பிறகு எந்த விமானம் என்று பிரிப்பார்கள். ஹேர்குலிஸ், சி-17 என்றால் ட்ரென்ரன், ஸ்காபரோவில் இருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்குள். அக்கா ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கடல் கண்காணிப்பு என்றால் நோவா ஸ்கோஷியாவில் கிறீன்வூட் அல்லது பசிபிக் கரையில் கொமொக்ஸ். அங்கே இருக்கிற பழைய ஒறோறாவுக்குப் பதிலாக பி-8 வரப்போகிறது. அது போயிங் 737ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது. அதனால் பிறகு பயணிகள் விமானத்துக்குப் போகிறவருக்குக் கை கொடுக்கும். 2021 ஓகஸ்டில் காபூலில் இருந்து 3,700 பேர் அளவில் கனடா வெளியேற்றியபோது சி-17தான் போய்ப் போய் வந்தது. சரக்கு ஏற்றுகிற தளத்தில் சனம் நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டினது "லொறி ஓட்டுகிற வேலை" என்று சில ஜெற் பிள்ளைகள் சொல்லுகிற அதே வேலைதான்.

ஹெலி வழியும் போர்ட்டேஜில்தான். முதலில் சின்ன பெல், பிறகு பெல் 412. அங்கே இருந்து கிறிஃபன், சினூக், கப்பலில் இறங்குகிற சைக்ளோன், தேடுதல் மீட்புக்கு கோர்மரன்ற். உடம்புக்குச் சுகமான வேலை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இரவுப் பார்வைக் கண்ணாடி பூட்டிய ஹெல்மெற்றின் பாரத்தோடு, அதிர்கிற இருக்கையில் மணிக்கணக்காக இருப்பதால் கிறிஃபன் ஓட்டுகிறவர்களுக்குக் கழுத்து நோ வருவது வழமை.

வெளி வேலை பற்றி. பல எஞ்சினில் இருந்தவருக்கு நேர் வழி. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, சமுத்திரம் தாண்டுவது எல்லாம் பயணிகள் விமானத்துக்கு வேண்டியதே. ஜெற் ஆட்களுக்குப் பறந்த மணித்தியாலம் குறைவாக இருக்கும், ஆனாலும் எடுப்பார்கள். ஹெலி ஆட்கள்தான் கவனிக்க வேண்டும். கனடாவில் பயணிகள் விமானத்தின் உயர்தர உரிமத்துக்கு 1,500 மணித்தியாலம் வேண்டும், அதில் 900 இறக்கை விமானத்தில் பறந்ததாக இருக்க வேண்டும். ஹெலியில் மட்டும் பறந்தவர் வெளியில் வந்து அந்த 900ஐச் சேர்க்க வேண்டிவரும். ஹெலியிலேயே நிற்க விரும்பினால் அம்புலன்ஸ் ஹெலி இருக்கிறது, காட்டுத்தீ அணைப்பு இருக்கிறது, கரையோர எண்ணெய்த் தளங்கள் இருக்கின்றன.

வழி மாறுவது நடக்கிறது, ஆனால் லேசில் இல்லை. திரும்பப் பயிற்சி, திரும்பக் காத்திருப்பு. காத்திருப்பு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் மாதக்கணக்காக, சிலருக்கு வருடத்துக்கும் மேலாக, பறக்காமல் அலுவலக வேலையில் விடுவார்கள். மனம் உடைகிற இடம் அதுதான். கட்டாய சேவைக் கணக்கும் விமானிக்குரிய இறக்கைச் சின்னம் குத்திய பிறகுதான் ஓடத் தொடங்கும். எயார் கனடா கனவில் இருக்கிற அக்காவுக்கு இதைச் சொல்லி வையுங்கோ.

புதுக்குடியிருப்பு:

ரீச்சர், கோபிக்க வேண்டாம். மனதில் பட்டதைச் சொல்லுகிறேன். எங்கள் வீட்டில் ஆட்களை இழந்தது மேலே இருந்து வந்ததால். எந்த நாட்டுக் கொடி என்றாலும் எங்கள் பிள்ளை ஒன்று அந்த இருக்கையில் இருக்கும் என்று நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவன் குண்டு போடப் போகிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போடச் சொன்னால் போட வேண்டிய வேலை அது. நீங்கள் அவனுக்குச் சொல்ல வேண்டியது "வெளியில் வா" என்பதுதான். அவ்வளவு படித்த பிள்ளைக்கு வேறு வேலையா இல்லை?

பேர்த் அம்மா:

மேலே எழுதிய தம்பியின் வலி எனக்கும் விளங்குகிறது, நானும் ஒட்டுசுட்டான்தான். என் மகள் இங்கே அவுஸ்திரேலியக் கடற்படையில் ஹெலி ஓட்டுகிறாள். இங்கே முறை வேறு, ரீச்சர். எந்தப் படையில் சேருகிறோமோ அதிலேயே பாதி முடிவாகிவிடும். கடற்படையும் தரைப்படையும் என்றால் ஹெலி, விமானப்படை என்றால் இறக்கை விமானம். எல்லோரும் பிசி-21 என்ற பயிற்சி விமானத்தில் தொடங்கி, ஹெலிப் பிள்ளைகள் பிறகு ஹெலிப் பயிற்சிக்கு நவ்றா என்ற ஊருக்குப் போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் அழுகை சேருகிற நாளிலேயே முடிந்துவிட்டது.

அக்காவுக்கு ஒன்று சொல்லுங்கோ. பெரிய விமானம் பாதுகாப்பு, சின்ன விமானம் ஆபத்து என்று அம்மாமார் நினைக்கிறோம். என் மகள் அதைக் கேட்டு என்னோடு சண்டை பிடித்தாள். "அம்மா, நீங்கள் பயப்படுகிறதை நான் செய்யாமல் விடலாம், எனக்கு விருப்பமில்லாததை நன்றாகச் செய்ய ஏலாது" என்றாள். விருப்பமில்லாத இடத்தில்தான் பிள்ளைக்குக் கவனம் சிதறும். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பரந்தன் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. முறிகண்டி அண்ணை, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த 900 மணித்தியாலக் கணக்கை அக்காவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

புதுக்குடியிருப்புத் தம்பி, கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்னதை அவனிடம் மறைக்கப் போவதில்லை, உங்கள் சொல்லிலேயே சொல்லுவேன். அவன் கேட்க வேண்டிய கதை அது. ஆனால் "வெளியில் வா" என்று நான் சொல்ல மாட்டேன். அவன் ஒளித்து மறைத்துச் சேரவில்லை. சேர முதலே என்னிடம் வந்து, இந்த வீட்டுத் திண்ணையில் இருந்து, எல்லாவற்றையும் கேட்டு அறிந்துகொண்டுதான் போனான்.

என் பதில் இதுதான். முதல் இடத்தில் எதை எழுதுவது என்பது அவன் முடிவு. தனியாக ஓட்டுகிற வேலை தனக்கு ஒத்துவருமா என்று முதலில் யோசிக்கச் சொல்லுவேன். இரண்டாவது இடத்தில் ஹெலியை எழுதச் சொல்லுவேன், ஏன் என்றும் சொல்லுவேன். 2009இல் காயக்காரரைப் புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்தான் ஏற்றிப்போனது. கப்பலுக்குப் படகு வரும்வரை கரையில் ஆட்களைக் கிடத்தி வைத்திருந்தோம். மேலே இருந்து எங்களைத் தூக்கிப்போக ஒன்று வரும் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்கவே தோன்றவில்லை. 2021 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மண்சரிவில் நெடுஞ்சாலையில் அகப்பட்ட 300 பேர் அளவில் சனத்தை மஞ்சள் கோர்மரன்ற் ஹெலிகள் தூக்கிப்போன செய்தியை அவன்தான் எனக்கு அனுப்பினவன். எங்கள் பிள்ளை ஒன்று அதை ஓட்டுவதை நான் உயிரோடு இருக்கும்போது பார்க்க வேண்டும். இது என் ஆசை, அறிவுரை இல்லை என்றும் சேர்த்துச் சொல்லுவேன்.

அண்ணை, இதில் ஏதும் பிழையாக விளங்கியிருந்தால் திருத்திவிடுங்கோ. நாளைக்கு இரவு அவன் எடுப்பான்.

முறிகண்டியான் (இப்போது ஒன்ராறியோ):

ஒன்று மட்டும், ரீச்சர். இப்போது எழுதுவது வழியைத்தான், விமானத்தை இல்லை. ஹெலி என்று எழுதினால் கோர்மரன்ற் கிடைத்ததாக அர்த்தமில்லை. ஹெலிப் பிள்ளைகளில் கனபேர் கிறிஃபனுக்குத்தான் போவார்கள். எந்த ஹெலி என்று போர்ட்டேஜ் முடிகிறபோதுதான் தெரியும், அங்கேயும் புள்ளி பேசும்.

ஆனால் மீட்பு வேலைதான் அவனுக்கு மனதில் இருக்கிறது என்றால் வழி இரண்டு இருக்கிறது. கொமொக்ஸில் கிங்ஃபிஷர் என்று புது இறக்கை விமானத்தைத் தேடுதல் மீட்புக்கு என்றே கொண்டுவந்திருக்கிறார்கள், அதற்குப் பல எஞ்சின் வழியால் போகலாம். ட்ரென்ரனிலும் ஹேர்குலிஸ் மீட்புக்குப் போகும். ஏரியில் படகு காணாமல் போனால் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் அதுதான், ஹெலி பின்னால் வரும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது இடத்தை எழுத முதல் அவனிடம் கேளுங்கோ: தேடிக் கண்டுபிடிக்கிறதா, கயிறு விட்டுத் தூக்குகிறதா, எது அவனுக்கு விருப்பம் என்று. நாளைக்கு அவன் எடுக்கிற நேரத்தில் என் இலக்கத்தையும் கொடுங்கோ, தனிமடலில் அனுப்புகிறேன். மூஸ் ஜோவில் இருந்து இங்கே வந்த பிள்ளைகள் இரண்டு பேரோடு அவனைக் கதைக்க வைக்கலாம்.